பவழமாடத்துத் துஞ்சினவர்

அரசன்மேட்டில் யார் வீடு கட்டினாலும், அது கீற்றுக் கொட்டகையானாலும் சரி, மெத்தை வீடானாலும் சரி, ஈசானிய மூலையில் மேட்டிலிருந்து எடுத்துவந்த ஒரு பழைய செங்கல்லை வைத்துவிட்டுத்தான் மற்ற கல்லைத் தொடுவார்கள். எதற்கு என்று கேட்டால் அப்படித்தான் வழக்கம் என்பார்கள், அதற்கு மேல் கேட்டால் கொத்தனார் முறைப்பார். மேடு ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்தது. சாமிக்குக் கருங்கல்லில் கோயில் கட்டிய ராஜாக்கள், தாங்கள் படுத்து எழுந்திருக்கிற இடத்தைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள், சாமி இருக்கும் நாம் இருக்கமாட்டோம் என்கிற கணக்கில்; அந்தக் கணக்கு தப்பவில்லை. பகைவர்கள் வந்து எரித்தார்கள், கழுதை பூட்டி உழுதார்கள், வரகும் கொள்ளும் விதைத்துவிட்டுப் போனார்கள். எரியாமல் மிஞ்சிய செங்கல்லை ஊர்ச்சனம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து தீர்த்தது. கடைசியில் தொல்லியல் துறை வந்து வேலி போட்டபோது, வேலிக்குள் பாதுகாக்க முள்ளும் ஓணானும்தான் பாக்கி.

அந்த அரண்மனை ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பி வந்தது. மேட்டுக்கு வரவில்லை, அங்கே அதற்கு என்ன இருக்கிறது? செங்கல் போன இடத்துக்கு வந்தது. எந்த வீட்டு மூலையில் எந்த அறையின் கல் இருந்ததோ அந்த வீட்டுக்குள் அந்த அறை வந்து நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டபாணி பீரோ இருக்கிற உள்ளறைக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் ராஜா கொலுவிருந்த ஓலக்க மண்டபம், கண்ணுக்கு எட்டிய மட்டும் தேக்குத் தூண்கள், தூணுக்குத் தூண் பித்தளைப் பூண். பக்கத்து வீட்டுச் சொர்ணம் குளியலறைக் கதவைத் தள்ளினால் மஞ்சனச்சாலை, கல்தொட்டியில் ஆவி பறக்கிற சந்தன வெந்நீர், எவ்வளவு மொண்டாலும் குறையாதது. ரேஷன் கடைக்குப் பின்னால் அரண்மனை மடைப்பள்ளி வந்து, புழுங்கலரிசி வாங்க நின்றவர்களின் மூக்கில் நெய் வாசனையை ஏற்றி வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. தொடக்கப்பள்ளியின் இரண்டாம் வகுப்புக்கு ஆனைக்கொட்டில் வாய்த்தது; ஆனை இல்லை, சாணி மட்டும் தினமும் புதிதாக இருந்தது, ஆயாம்மாதான் அள்ளினார்.

ஊர் இதற்கெல்லாம் மலைத்து உட்கார்ந்துவிடவில்லை. இவ்வளவு பெரிய கூடத்தை யார் கூட்டுவது என்று தலைவர் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு முற்றியது. பிறகு வேர்க்கடலையை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, காயப்போட வசதி என்று தெரிந்து சமாதானமானார்கள். ராஜாக்கள் கப்பம் வைத்துக் கும்பிட்ட தரையில் மல்லாட்டையும், சிம்மாசனப் படியில் மிளகாயும் காய்ந்தன. தொல்லியல் துறையிலிருந்து ஜீப்பில் வந்து டேப்பை நீட்டி அளந்தார்கள். அறைக்குள் நூறடி நடந்தவர்களின் டேப்பில் பழைய வீட்டுச் சுவரின் அளவுதான் வந்தது. அளவில் வராததை எப்படி மேலே எழுதி அனுப்புவது என்று தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

தையல்நாயகி வீட்டுக்கு வந்தது சின்ன அறை. அடுப்படிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்குப் போகிற கதவைத் திறந்தபோது மாடு இருக்கவேண்டிய இடத்தில் அது இருந்தது. மாடு வெளியே வேப்பமரத்தடியில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. பவழ நிறத்தில் வழவழவென்று சுண்ணம் பூசிய சுவர், சுவரோடு சுவராக வரிசையாய்ப் பறந்து போகிற அன்னங்களின் சித்திரம், ஒரு மாடம், மாடத்தில் எண்ணெய் ஊற்றாமல் எரிகிற ஒரு விளக்கு, நடுவில் ஒற்றை ஆள் படுக்கிற தந்தக்கால் கட்டில். அவ்வளவுதான். பார்க்க வந்த பெண்கள், "ஒனக்குன்னு பாத்து இத்தினிக்கோண்டு வந்திருக்கே தையலு" என்று உச்சுக்கொட்டினார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் இல்லை. அவள் புருஷன் உத்திராபதி கரும்பு டிராக்டர் ஓட்டியவர். போன மாசியில் வாய்க்கால் மதகில் டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு நொறுங்கியதிலிருந்து முன்னறையில் பாயோடு பாயாகக் கிடந்தார். கால் செத்துப்போனது, வலி சாகவில்லை. முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போது ஊரே கேட்கிற மாதிரி கத்துவார், கத்தி முடித்ததும் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் போட்டு, அவளுக்கு ராஜா வீட்டு அறையைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லை.

அந்த அறை எதற்கானது என்பது சொர்ணத்தின் மாமனார் முத்துவீருவால்தான் ஊருக்குத் தெரிந்தது. கிழவர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தார். மூத்த மகன் பால் விட்டாயிற்று, மண்ணாசை என்று அவர் நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றியாயிற்று, உயிர் போவதாகத் தெரியவில்லை. பேரன் கல்யாணம் நெருங்கியது. முகூர்த்தத்தன்று கிழவர் போய்விட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில் சொர்ணம் வந்து கேட்டாள். "அக்கா, ஒங்க செவந்த ரூமு சும்மாதான கெடக்கு. தாலி கட்டி முடிக்கிற மட்டும் மாமாவ அதுல போட்டுக்கட்டுமா? போனாலும் ஒங்க வூட்டுலதான போவாரு, எங்களுக்குத் தீட்டு இல்ல பாருங்க."

கேட்ட விதமும் தீட்டுக் கணக்கும் நன்றாகத்தான் இருந்தன. என்றாலும் தையல்நாயகி முடியாது என்று சொல்லிப் பழகாதவள், சரி என்றாள். கிழவரைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டியதுமே அவர் முனகல் நின்றது. கட்டிலில் கிடத்தியதும் கண்ணைத் திறந்து அன்னங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், வெற்றிலை கேட்டார். அவள் கஞ்சி கொண்டுபோனபோது, "தாயீ, போவட்டுமா?" என்றார்.

எங்கே என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் வாய்க்குப் பழகியது வந்துவிட்டது. "போயிட்டு வாங்க மாமா."

கிழவர் போகவில்லை. கல்யாணம் நடந்து, பந்தல் பிரித்து, பாத்திரமெல்லாம் வாடகைக் கடைக்குத் திரும்பிய பிறகும் கட்டிலில் வலியில்லாமல் விழித்துக்கொண்டு கிடந்தார். கடைசியில் ஒரு காலையில் அவரே விளக்கினார்: "திரும்பி வரச் சொல்லாத தாயீ. அதச் சொன்னா எப்படிப் போறது? வெறுமன போன்னு சொல்லு." இந்தச் சீமையில் வாசற்படி தாண்டுகிற யாரையும் அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை, கடன் கேட்டு வந்தவனைக்கூட போய்வா என்றுதான் துரத்துவார்கள். தையல்நாயகி கதவுப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். "போங்க மாமா" என்றாள். பஸ்ஸில் தன் ஊர் வந்ததும் எழுந்து நிற்கிற ஆளைப்போல ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்தது, போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கதை பிறந்தது. கதையை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, ஒரு வாரத்தில் ஊரே அதை நேரில் பார்த்ததுபோலச் சொன்னது. போரில் அடிபட்டு வந்த ராஜாவை இந்தப் பவழமாடத்தில்தான் கிடத்தினார்களாம். ராஜாவிடம் எல்லாரும் விடைபெற்றுப் போகலாம், ராஜா யாரிடம் விடைபெறுவது? அவருக்கு மேலே ஆள் கிடையாது. அதனால் மந்திரிகளும் தேவிமார்களும் சூழ்ந்து நின்று அழுதார்களே தவிர, போ என்று சொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை, ராஜா போகமுடியாமல் கிடந்து நைந்துபோனார். தோற்ற நாட்டிலிருந்து பிடித்துவந்து அரண்மனை வேளத்தில் அடைத்திருந்த பெண்களில் ஒருத்தி தினமும் கஞ்சி எடுத்துவருவாள். அவள்தான் ஒருநாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "போ" என்றாளாம். ராஜா போனார். பவழமாடத்துத் துஞ்சின தேவர் என்று, செத்த இடத்தால் அவருக்குப் பெயராயிற்று. அவளுக்கு ஒரு பெயரும் ஆகவில்லை. அவள் இரக்கத்தில் சொன்னாள் என்று ஒரு கட்சி, தன் ஊரை எரித்தவன் மேலிருந்த வன்மத்தில் சொன்னாள் என்று இன்னொரு கட்சி, டீக்கடையில் இரண்டு கட்சியும் மோதிக்கொண்டன. தையல்நாயகி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவள் அலுப்பில் சொல்லியிருப்பாள் என்று இவளுக்குத் தோன்றியது. நாள் தவறாமல் கஞ்சி ஊட்டியவளுக்கு வேறு என்ன மிஞ்சும்?

கதை ஊர் எல்லையைத் தாண்டியதும் சனம் வரத் தொடங்கியது. வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் கயிற்றுக் கட்டிலிலும், ஆஸ்பத்திரியில் கைவிட்டவர்களை, இழுத்துக்கொண்டு கிடப்பவர்களை, புற்று அரித்தவர்களைக் கொண்டுவந்தார்கள். தையல்நாயகி ஒவ்வொருவரையும் பவழமாடத்துக் கட்டிலில் கிடத்தச் சொல்லி, கஞ்சி கொடுத்து, அவர்களாகக் கேட்கும்வரை காத்திருந்து, கேட்டதும் சொன்னாள். கைம்மாறாக வாழைத்தாரும் பூசணிக்காயும் வைத்துவிட்டுப் போவார்கள், வேறெதையும் அவள் தொடவில்லை. கண்ணீரஞ்சலி பேனர்களில் பெயருக்கு முன்னால் 'பவழமாடத்துத் துஞ்சினவர்' என்று போடுவது வழக்கமாயிற்று. மிராசுதாருக்கும் அதே பட்டம், அவருக்குக் குழி வெட்டியவர் அடுத்த மாதம் செத்தபோது அவருக்கும் அதே பட்டம். இது முறையில்லை, பட்டத்துக்கு ஒரு தரம் வேண்டாமா என்று கோதண்டபாணி ஓலக்க மண்டபத்தில் மல்லாட்டையை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் போட்டார். சாவில் முந்திக்கொள்ள யாருக்கும் ஆசையில்லாததால் கூட்டம் தீர்மானமில்லாமல் கலைந்தது.

இதில் யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. தையல்நாயகியின் வாய்க்கு ஊர் பயப்படத் தொடங்கியது. முதலில் குழந்தைகளை அவளிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டாம் என்றார்கள். பிறகு புதுப்பெண்கள் மறுவீட்டுக்குப் புறப்படும்போது அவள் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எந்நேரமும் அடுப்படியில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற சொர்ணம்கூட, பேச்சின் பாதியில், அவள் திரும்பிப் பாத்திரம் எடுக்கிற சமயம் பார்த்து எழுந்து ஓடிவிடுவாள். பெரம்பலூரில் கட்டிக்கொடுத்த மகள் மங்கையர்க்கரசி தினமும் போன் பண்ணுவாள், அப்பா எப்படி இருக்கிறார், சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பாள், பேச்சு முடியப்போகிறது என்று தெரிந்ததும் சட்டென்று துண்டித்துவிடுவாள். வைக்கிறேம்மா என்று சொன்னால் அம்மா பதில் சொல்லிவிடுவாளே. தையல்நாயகி சத்தம் செத்த போனைக் காதில் வைத்தபடி சற்று நேரம் நிற்பாள். பெற்ற மகளே பயந்தால் என்ன செய்வது?

முன்னறையில் கிடந்த உத்திராபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கத்திக்கொண்டு வந்தவர்கள் அடுப்படியைத் தாண்டியதும் அடங்கிப்போவது அவருக்குக் கேட்கும். ஒருநாள் புண் கழுவும்போது, "ஊருக்கெல்லாம் கதவு தொறக்குற. என்னைய மட்டும் தூக்கமாட்டேங்குற" என்றார்.

"அங்க போனவங்க ஒருத்தரும் நடந்து வெளிய வரல."

"இங்க மட்டும் நடக்கிறனாக்கும்?"

அவள் பஞ்சை நனைத்தாள். ஆனால் ஐப்பசி மழையில் புண் எலும்பைத் தொட்டபோது, அவர் கத்தக்கூடத் தெம்பில்லாமல் பல்லைக் கடித்து உதடு கிழிந்தபோது, அவளுக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே போனால் வலி நின்றுவிடும். போவதற்கு விடை வேண்டும். விடை கொடுக்கிறவள் அவள்தான். கொடுக்காமலே இருந்துவிட்டால்? வலியும் இருக்காது, ஆளும் இருப்பார். ஒரு ராஜ்ஜியமே செய்த தப்பைத் தானும் செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் செய்திருப்பாள். பவழமாடம் காலியாக இருந்த ஒரு காலையில் சொர்ணத்தைத் துணைக்குக் கூப்பிட்டு அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினாள்.

கொஞ்ச நாள் அவர்களுக்கு நல்லபடியாகப் போனது. டிராக்டர் கவிழ்ந்ததற்குப் பிறகு முதல்முறையாக அவர் சிரித்தார். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூட்டிப்போய், டிக்கெட் கிடைக்காமல், பொரிகடலை வாங்கிக்கொண்டு கொள்ளிடக்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்ததைச் சொல்லிக் கேலி பண்ணினார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, "போவட்டுமா தையலு?" என்பார். அவள், "போயிட்டு வாங்க" என்பாள். "எங்கேருந்து வர்றது, மொதல்ல போனாத்தான?" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

கட்டில் ஒன்றுதான். அவர் அதில் இருந்ததால் புதிதாக வந்தவர்கள் வெளியிலேயே கிடந்தார்கள். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டி, சொர்ணம் வீட்டுச் சந்தன வெந்நீரில் துணி நனைத்து ஒற்றிக்கொண்டு, ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டிலாக வரிசை வளர்ந்தது. யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. தலைவர் கோதண்டபாணிகூட வாயைத் திறக்கவில்லை, அவருடைய அக்காளும் அந்த வரிசையில் கிடந்தும். ஆனால் அவள் தண்ணீர் எடுக்க வெளியே வந்தால் எல்லாக் கண்ணும் அவள் குடத்தின் மேல் இருந்தது. செந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி, வயிற்றில் கட்டி, பகலெல்லாம் ஒரே சுருதியில் அலறுவாள். அவள் தாயார் தையல்நாயகியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. தையல்நாயகி குடத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் புருஷன், என் வீடு என்று கதவுக்குப் பின்னால் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அலறல் கதவைத் தாண்டி வந்தது.

உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வலியை எடுத்துக்கொண்ட அறை அதோடு நிற்கவில்லை. முதலில் பசியை எடுத்தது. பிறகு சூட்டையும் குளிரையும் எடுத்தது; கொதிக்கிற கஞ்சியை அவர் ஊதாமல் விழுங்கினார். உடம்பு முறத்து உமியாக இலேசாயிற்று, அவள் ஒரு கையால் புரட்டினாள். ஒரு மத்தியானம் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவர்கள் வழக்கம், கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தலைவலி என்றால் மாத்திரை வேண்டாம், அவள் கை போதும்.

"கைய எடுத்துட்டியா தையலு?" என்றார் அவர்.

"இல்லியே. வச்சிருக்கேன்."

"வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேங்க."

அவர் கொஞ்சநேரம் அன்னங்களைப் பார்த்தார். "தெரியல" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, மழை விட்டுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். அவரை வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தோமே, எதை வைத்துக்கொண்டிருக்கிறோம்? இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து அழுத்தினாள், அவர் கன்னத்தில் விரல் பதிந்து வெளுத்தது, அவர் ஒன்றும் அறியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே முடிவு பண்ணிவிட்டாள்.

மறுநாள் காலையில் தலைமுழுகி, அவருக்குச் சவரம் பண்ணி, வெளுத்த வேட்டி கட்டினாள். மகளுக்குப் போன் பண்ணி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று கேட்காமல் அடுப்படியில் நின்றாள். திரும்பி வந்தபோது அவர் கண் நனைந்திருந்தது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை, அவள்தான் துடைத்தாள்.

"இன்னைக்கி நீங்க கேக்கலியே" என்றாள்.

"போவட்டுமா தையலு?"

நூறு பேருக்குச் சொன்ன வார்த்தை. அவர் வேட்டியின் மடிப்பை நீவிவிட்டுச் சொன்னாள். "போங்க."

அவர் போகவில்லை. அந்த வார்த்தை ஒருநாளும் பொய்த்ததில்லை, அன்று பொய்த்தது. அவர் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டு, "எனக்கு நீ இருக்க, சொல்லிட்ட. ஒனக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

இத்தனை நாளும் தான்தான் அவரைப் பிடித்துவைத்திருப்பதாக நினைத்தவள் அவள். அவரும் பிடித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். மகள் சொல்லுவாள் என்று சொல்லலாம், போனைத் துண்டித்துவிட்டு ஓடுகிற பிள்ளை. சொர்ணம் சொல்லுவாள் என்று சொல்லலாம், அவர் நம்பமாட்டார். வெளியே அந்தக் கைப்பிள்ளைக்காரியின் குரல் இரைந்துகொண்டிருந்தது. தையல்நாயகிக்கு அந்த வேளத்துப் பெண் ஞாபகம் வந்தாள்: கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனவள், எங்கே எப்போது எப்படிச் செத்தாள் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை, யார் சொல்லி அனுப்பினார்கள் என்றும் சொல்லவில்லை.

"எனக்கெதுக்கு ஆளு?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நா என்ன ராஜாவா, விடைகேட்டுக்கிட்டுக் கெடக்க? ஒருநாளைக்கி அடுப்ப அணைச்சிட்டு, யாருகிட்டயும் கேக்காம, கெளம்பி வந்துருவேன்."

உத்திராபதி சிரித்தார். "செய்வ. நீ செய்யக்கூடியவதான்" என்றார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் போய்விட்டார்.

வெளியே சொல்லவேண்டும், கட்டிலை ஒழிக்கவேண்டும், அந்தப் பெண்ணை முதலில் கொண்டுவரச் சொல்லவேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்தவள், மறுபடி குனிந்தாள். வந்தவருக்கெல்லாம் போங்க போங்க என்று சொன்ன வாயை அவர் காதில் வைத்து, அந்த அறைக்குக் கேட்டுவிடாதபடி, "இருங்களேன்" என்றாள்.